மரியா கல்லாஸ் பற்றி ஒரு மேடை நிகழ்ச்சி: பாட்டுக்கு என்ன செய்வது?

கொட்டகலைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சின்ன நாடகக் குழு ஓபரா என்கிற மேற்கத்திய இசைநாடகத்தின் பாடகி மரியா கல்லாஸின் வாழ்க்கையை ஹட்டனில் நாற்பது நிமிட நிகழ்ச்சியாகப் போடப் பார்க்கிறது. கல்லாஸாக வரும் தங்கச்சி பிரமாதமாக நடிப்பாள், ஆனால் ஓபரா பாட அவளாலும் முடியாது, குழுவில் வேறு யாராலும் முடியாது. பதிவை ஓடவிட்டு வாயசைப்பதா, பாட்டே இல்லாமல் கதையை மட்டும் சொல்வதா? அப்புறம், பாதிப்பேர் கிரேக்கக் கப்பல் முதலாளி ஒனாசிஸோடு இருந்த காதலைத்தான் நடுவில் வைக்கவேண்டும், 1968 இல் அவர் ஜாக்குலின் கென்னடியைக் கட்டிக்கொண்ட இடத்தில் சனம் அழும் என்கிறார்கள். எனக்கு அதில் மனமில்லை. பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்து ஆட்கள், ஓபரா கேட்டிருக்கமாட்டார்கள்.

தலவாக்கலை சேர்:
வாயசைப்பு வேண்டாம் பிள்ளை, முதல் வரியிலேயே சனம் சிரித்துவிடும். 1971, 72 இல் கல்லாஸ் நியூயோர்க் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தார். அந்த வகுப்புகளை வைத்து டெரன்ஸ் மெக்னாலி எழுதிய நாடகம் 1995 இல் நியூயோர்க்கின் பிராட்வே நாடக மேடைக்கு வந்தது. அதில் கல்லாஸாக நடிப்பவர் பாடகியாக இருக்கவேண்டியதில்லை. பழைய நினைவு வரும்போது கல்லாஸின் பதிவு ஒலிக்கும், நடிகை அதன் மேல் பேசிக்கொண்டு போவார். அந்த நாடகத்தையே போடுவதென்றால் அனுமதி வாங்கவேண்டும், ஆனால் வகுப்பு நடந்தது வரலாறு, அதை வைத்து நீங்களே எழுதலாம். மேடையில் ஒரு நாற்காலி, பாட வந்து பயந்து நிற்கிற ஒரு மாணவி, அது போதும். பதிவு ஓடும்போது உங்கள் தங்கச்சி சும்மா நின்று கேட்கட்டும். சும்மா நிற்பதுதான் கஷ்டம், அதற்குத்தான் ஒத்திகை வேண்டும்.

மஸ்கெலியா மழை:
ஒனாசிஸ் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் அக்கா. பெரிய பாடகி ஒருத்தியை மேடையேற்றிவிட்டு அவளைக் கைவிட்ட ஆளைப் பற்றியே பேசுவது என்ன நியாயம்? அவர் உழைத்த கதையே போதுமே. ஏதென்ஸில் எல்விரா டி ஹிடால்கோ என்ற ஆசிரியையிடம் பாட்டுப் படித்த காலத்தில் தன் பாடம் முடிந்தாலும் வீட்டுக்குப் போகமாட்டார், மற்றவர்களுக்கு நடக்கும் பாடத்தையும் உட்கார்ந்து கேட்பார். கடுமையான கிட்டப்பார்வை வேறு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேடையேறினால் வாத்தியக்குழுவை நடத்துபவரின் கைகூடச் சரியாகத் தெரியாது, அதனால் முழு இசையையும் மனப்பாடம் செய்துவிட்டே போவார். 1949 ஜனவரியில் வெனிஸில் வாக்னரின் ஓபராவில் கனமான பாத்திரம் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார். பெல்லினியின் ஓபராவில் பாடவேண்டிய பாடகி நோயில் படுத்துவிட, குரல் வளைந்து ஓடவேண்டிய, நேர் எதிரான அந்தப் பாத்திரத்தைச் சில நாட்களிலேயே கற்றுப் பாடினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பதை ஒரு காட்சியாக்குங்கள்.

தப்புச்சத்தம்:
தோட்டத்து ஆட்களுக்கு ஓபரா புரியாது என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். மாசியில் காமன் கூத்து பார்க்கிற சனம் இது. எரிந்த மன்மதனுக்காக ரதி பாடி அழுவதை விடிய விடிய நின்று கேட்கிறவர்களுக்கு, கதையைப் பாட்டிலேயே சொல்வது என்ன புதுசா? மொழிதான் தடை. பாட்டுக்கு முன் ஒரு கட்டியக்காரனை விடுங்கள். டோஸ்கா என்ற ஓபரா என்றால், ‘பொலிஸ் அதிகாரி டோஸ்கா என்கிற பாடகியின் காதலனைப் பக்கத்து அறையில் வதைக்கிறான், தன்னிடம் வந்தால் அவனை விடுகிறேன் என்கிறான், யாருக்கும் கெடுதல் செய்யாத எனக்கு ஏன் இது என்று அவள் கடவுளைக் கேட்கிறாள்’, இவ்வளவு போதும். பிறகு பதிவு, மூன்று நிமிடம். மிலானின் ஸ்காலா ஓபரா அரங்கக் குழுவோடு கல்லாஸ் 1953 இல் பதிந்த டோஸ்காவைத் தேடி எடுங்கள்.
ஒனாசிஸை முழுக்க வெட்டாதீர்கள், ஒரு காட்சி இருக்கட்டும். அழ வருகிறவர்களும் டிக்கெட் வாங்குகிறார்கள்தானே.

கொட்டகலைக்காரி:
நன்றி சேர், நன்றி எல்லோருக்கும். வகுப்பு, கட்டியக்காரன், கண்ணாடி மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன், ஒனாசிஸுக்கு ஒரே காட்சி. 1977 இல் பாரிஸில் இறந்தது வரை இழுக்காமல், 1965 ஜூலையில் லண்டனில் கடைசியாக ஓபரா மேடையேறினாரே, அதுவும் டோஸ்காதான், அங்கேயே முடிக்கலாம் என்று நினைக்கிறேன். இனி ஸ்பீக்கர்தான் பிரச்சினை. ஹட்டன், நோர்வூட் பக்கம் நல்ல செட் வாடகைக்குக் கொடுப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். திருவிழாவுக்கு மரத்தில் கட்டுகிற புனல் ஸ்பீக்கர் வேண்டாம், கல்லாஸ் பாவம்.