கயோட்டி பூனையைத் தின்றே பிழைக்கிறதா?

ஏரிக்கரை: "நகரத்துக் கயோட்டி பூனையைத் தின்றே பிழைக்கிறது" என்று, ஓநாய்க்குச் சொந்தமான இந்த வட அமெரிக்கக் காட்டு விலங்கைப் பற்றி நேற்று ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இங்கே சிகாகோவில் 2000 முதல் விலங்கு ஆய்வாளர் ஸ்டான்லி கெர்ட் குழுவினர் கயோட்டிகளுக்கு ரேடியோ பட்டை மாட்டிப் பின்தொடர்கிறார்கள். அவை போட்ட 1,429 எச்சங்களை, அதாவது மலத்தை, கிளறிப் பார்த்தார்கள். எலி வகை 42 சதவீதம், பழம் 23, மான் 22, முயல் 18. பூனை? ஒன்று சொச்சம்!

மதில்மேல்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். இங்கே லாஸ் ஏஞ்சலஸில் தேசியப் பூங்காத் துறை பார்த்தபோது நகர்ப்புற எச்சங்களில் 20 சதவீதத்தில் பூனை. இருபது! போன மாதம் எங்கள் பூனையின் கழுத்துப்பட்டி மட்டும் செம்பருத்திச் செடிக்கடியில் கிடந்தது, மணிகூட அறுபடாமல். உங்கள் ஒன்று சொச்சத்தை என் மகளிடம் வந்து சொல்லுங்கள்.

ஏரிக்கரை: வருத்தம்தான். ஆனால் ராத்திரியில் பூனையை வெளியே விட்டது கயோட்டியா? இங்கே அது கனடா வாத்தின் முட்டையைத் தின்று வாத்துக் கூட்டத்தையே மட்டுப்படுத்துகிறது. அதை யாரும் எழுதுவதில்லை.

கணக்குப்பிள்ளை: ஒரு நிமிஷம். 20 சதவீதம் என்றால் நூறு எச்சத்தில் இருபதில் பூனையின் மயிரோ எலும்போ இருந்தது என்று அர்த்தம். சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு பூனை என்றில்லை. 42, 23, 22, 18 கூட்டினாலே நூறைத் தாண்டுகிறதே!

ஏரிக்கரை: எப்படிக் கூட்டினாலும் ஒன்று ஒன்றுதான்.

மதில்மேல்: இருபதும் இருபதுதான்.

வன்னியூரான்: குள்ளநரி என்று அழகான தமிழ்ச்சொல் இருக்க, கயோட்டி எதற்கு?

ஏரிக்கரை: குள்ளநரி வேறு விலங்கு அண்ணே, அமெரிக்கக் காட்டில் கிடையாது. ரக்கூன் என்கிற அமெரிக்க விலங்கை மரநாய் என்று அடம்பிடித்தவர்தானே நீங்கள்?

வன்னியூரான்: அதை இன்னும் மனசில் வைத்திருக்கிறீர்களா? அது எங்கள் ஊர்ப் பேச்சு. நாலு வருஷம் வெளிநாட்டில் இருந்தால் ஊர்ப் பேச்சு இளக்காரமாகிவிடுமோ!

மதில்மேல்: பெயர் எதுவோ இருக்கட்டும். 1981-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துக் கிளெண்டேலில் மூன்று வயதுக் குழந்தையையே கொன்றது.

ஏரிக்கரை: அதையும் 2009-ல் கனடாவில் நடந்ததையும் சேர்த்தால், தாக்கி ஆள் செத்ததாகப் பதிவானது இரண்டே. நாய் கடித்துச் சாகிறவர்களை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? 2007-ல் சிகாகோ நடு ஊரில் ஒரு சாண்ட்விச் கடைக்குள் பட்டப்பகலில் நுழைந்த கயோட்டி, குளிர்பான அலமாரிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது. யாரையும் கடிக்கவில்லை. போன வாரம் நானே பார்த்தேன்: ராத்திரி பதினொரு மணி, சாலையோரம் நின்று, கடைசி வண்டி போகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் கடந்தது. நம்மவர்கள் கற்றுக்கொள்ளட்டும்.

மதில்மேல்: சாலை கடக்கத் தெரிந்ததற்குப் பூமாலை போடுங்கள். கழுத்துப்பட்டிக்குப் பதில்?

கணக்குப்பிள்ளை: நான் எழுதியதை இரண்டு பேரும் படிக்கவே இல்லை.

ஏரிக்கரை: படித்தேன். ஒன்று சொச்சம். நாளைக்கு முழு அட்டவணையோடு வருகிறேன்.

வன்னியூரான்: வரும்போது மரநாய்க்கும் பதிலோடு வாருங்கள்.