மறு: 'லீஸ்ட் பிரிவிலேஜ்': சலுகை வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். கூட்டுறவுக் கடன் சங்கப் பணியாளர்களுக்கான தரவுத்தளப் பாதுகாப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஜூன் 12 மேட்டூர் திறந்துவிட்டால் குறுவைக் கடனுக்குக் கூட்டம் வந்துவிடும், அப்புறம் பயிற்சிக்கு யாரும் உட்கார மாட்டார்கள். 'லீஸ்ட் பிரிவிலேஜ்' (கணினியில் ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையானதை மட்டும் திறந்துவிடுவது) என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று நம் மடல் குழுவில் பேசிவரும் இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

வரைவில் 'குறைந்தபட்ச சலுகை' என்று இருக்கிறது. சலுகை என்றால் நம்மூரில் வட்டிச் சலுகை, பஸ் சலுகை. வகுப்பில் வாசித்ததும் ஓர் எழுத்தர் அம்மா, "எங்களுக்கு மட்டும் ஏன் சார் சலுகையைக் குறைக்கிறீங்க?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எல்லோருக்கும் ஒரே அட்மின் கணக்கு, கடவுச்சொல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் துண்டுச்சீட்டில். ஒருநாள் ஒரு விவசாயியின் கடன் நிலுவை மாறிக் கிடந்தது. மாற்றியவர் யார் என்று பார்த்தால் 'அட்மின்'. அட்மின் என்றால் நாங்கள் ஐந்து பேருமே.

> மீச்சிறு உரிமை. மீச்சிறு பொது மடங்கு பள்ளியிலேயே படித்ததுதானே.

இப்படி எழுதிய ஐயா, 'மீ' என்ற முன்னொட்டு பற்றிய உங்கள் மூன்று மடல்களையும் 'மீமிசை' என்ற சொல் வரைக்கும் படித்தேன். ஆனால் கருத்து 'மிகச் சிறியது' அல்ல. 1975இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் வகுத்தபடி, வேலை முடிய எவ்வளவு தேவையோ அவ்வளவு. காசாளர் வரவு பதியலாம், வட்டி விகிதத்தில் கைவைக்கக் கூடாது. அளவுதான் இங்கே உயிர். அதனால்தான் 'வேலையளவு அனுமதி' என்கிறேன்.

திருவையாற்று நண்பர் முன்மொழிந்த 'மதகுரிமை' சொல்லாக நிற்காது, விளக்கமாக அருமை. தன் வயலின் வாய்மடையை வெட்டிவிட விவசாயிக்கு மண்வெட்டி போதும், தலைப்பு மதகின் ஷட்டரை பாசனப் பணியாளரான லஸ்கர்தான் தூக்கவேண்டும். கையேட்டில் சேர்த்துவிட்டேன்.

கும்பகோணத்து அம்மா சொல் தேடிச் சோழர் கல்வெட்டுக்குப் போனது சிலருக்கு வருத்தம், எனக்கு இல்லை. அரசன் வாய்மொழியைத் திருமந்திர ஓலை என்ற எழுத்தர் எழுதுவார், ஓலை நாயகம் என்ற அதிகாரி ஒப்புவார், வரித்துறையினரான புரவுவரித் திணைக்களத்தார் வரியிலிடுவார்கள், அதாவது கணக்கில் பதிவார்கள். எழுதுபவர் வேறு, ஒப்புபவர் வேறு, பதிபவர் வேறு. கடன் பதிபவரே கடனை ஒப்பக்கூடாது என்று நாம் தலையால் அடித்துக்கொள்வதும் இதைத்தானே! ஆனாலும் 'ஆடிட் லாக்' (யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு) என்பதற்கு 'வரியிலீடு' வேண்டாம் அம்மா, எழுத்தர்கள் வீட்டு வரி என்று படிப்பார்கள். 'தணிக்கைப் பதிவு' இருக்கட்டும்.

> அனுமதி தடவைக்குத் தடவை கேட்டு வாங்குவது. பறிக்கும் வரை நிற்பது உரிமை.

'உரிமை' கேட்கும் நண்பரே, இது நியாயம். தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் 'கிராண்ட்' செய்தது (கொடுத்தது) 'ரிவோக்' செய்யும்வரை (திரும்ப எடுக்கும்வரை) நிற்கும், எனவே இலக்கணப்படி உங்கள் பக்கம்தான். ஆனால் உரிமை என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டு, மாற்றலாகிப் போன செயலரின் கணக்கை அன்றே முடக்கினால் "என் உரிமையை எப்படி எடுக்கலாம்" என்று சண்டை வரும். பெரும்பாலோர் 'அனுமதி' பக்கம் சாய்ந்திருப்பதால் அதையே வைக்கிறேன். உங்கள் மறுப்பை மறக்கவில்லை.

அடுத்து 'ரிவோக்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். 'மீட்பு' மட்டும் வேண்டாம், பேக்கப்பிலிருந்து தரவை மீட்பதற்கு அந்தச் சொல்லை எடுத்தாகிவிட்டது. வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள்.