டிரிப்டேஸ் நார்மல், ஆனாலும் முகம் சிவக்கிறது

கேள்வி: வயது 38, மதுரை. நேற்றைய மீன் குழம்பைச் சுடவைத்துச் சாப்பிட்டால் பத்தே நிமிடத்தில் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவக்கிறது. வயிறு கலக்கி, நெஞ்சு படபடக்கும். வெயிலில் பஸ்ஸுக்கு நின்றாலும் இதே கதை. அலர்ஜி டெஸ்டில் ஒன்றுமில்லை. மாஸ்ட் செல் (அலர்ஜி ரசாயனங்களை வெளியே விடும் உடல் செல்) விடும் டிரிப்டேஸ் என்ற பொருளை ரத்தத்தில் அளந்தார்கள். 5, நார்மலாம். "டென்ஷன்மா" என்று அனுப்பிவிட்டார்கள். மாஸ்ட் செல் கோளாறாக இருக்குமா?

பதில்: ரத்தம் எப்போது எடுத்தார்கள் அக்கா? நன்றாக இருக்கும் நாளில் எடுத்த 5 பாதிக் கணக்குதான். அறிகுறி தொடங்கி 4 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை எடுக்கணும். வழக்கமான அளவு, அதில் 20 சதவீதம், கூட ஒரு 2, மூன்றையும் கூட்டி வரும் எண்ணைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். உங்களுக்கு 8 தொட்டால் மாஸ்ட் செல் பக்கம் பார்ப்பார்கள். நான் ராத்திரி பதினோரு மணிக்கு, லேப் சீட்டும் கையுமாக, நைட்டியோடு ஆட்டோவில் போனேன். வெட்கப்பட்டால் ஆகாது.

பதில்: மீனை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். சரியாகக் குளிரில் வைக்காத மீனில் ஹிஸ்டமின் என்ற, அலர்ஜி மாதிரியே முகம் சிவக்கவைக்கும் பொருள் ஏறும். கொதிக்க வைத்தாலும் போகாது. அது யாருக்கும் வரும். ஆனால் வெயிலுக்கும் வருகிறதே, அதை டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையைக் கேட்காமல் போடவேண்டாம், சிலருக்கு அதுவே கிளப்பிவிடும். மூச்சு இறுக்கினால், தலை சுற்றி விழப்போனால் செட்ரிசினை நம்பி உட்காராதீர்கள். உடனே அட்ரினலின் ஊசிதான்.

கேட்டவர்: சரி, சீட்டை முன்கூட்டியே வாங்கி பர்ஸில் வைக்கிறேன். வீட்டுக்காரருக்குத்தான் குழம்பு மிஞ்சுகிறதே என்று கவலை.