அக்கவுஸ்டிக் கிட்டாருக்கு ஆம்ப் வாங்கலாமா, பிக்கப் வாங்கலாமா?

காசிமேடு கிட்டார்:
அண்ணன்மாரே, வணக்கம். என்னிடம் இருப்பது ஸ்டீல் கம்பி போட்ட சாதாரண அக்கவுஸ்டிக் கிட்டார். உள்ளே பிக்கப், அதாவது அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் கருவி, கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக் குழுவோடு வாசிக்கிறேன். பாடுகிற மைக் ஒன்றை எடுத்து கிட்டாரின் ஓட்டைக்கு நேராக வைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் சத்தம் கூட்டினால் ஊம் என்று இரைகிறது, குறைத்தால் டிரம்ஸில் அமுங்கிப் போகிறது. எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் ஒன்று பழையது விலைக்கு வருகிறது. வாங்கலாமா? கையில் நாலாயிரம் ரூபாய் இருக்கிறது.

ராயபுரம் மைக்செட்:
தம்பி, அந்த ஆம்பை வாங்காதே. அதன் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் சீக்கிரமே இறங்கிவிடும், ஸ்டீல் கம்பியின் பளபளப்பு அதற்கு மேலேதான் நிறைய இருக்கிறது. சர்ச்சில் மிக்சரும் ஸ்பீக்கர் பாக்ஸும் இருக்கும்போது தனி ஆம்ப் தேவையே இல்லை.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் காதால் தெரிந்துகொள். ஓட்டையருகே வாயை வைத்து, ம்ம் என்று சுருதியை மெல்ல இறக்கிக்கொண்டே வா. ஓரிடத்தில் கிட்டார் பெட்டி முழுக்க அதிரும், மடியிலேயே தெரியும். பெரும்பாலான கிட்டார்களில் அது 100 ஹெர்ட்ஸ் பக்கம், ஐந்தாம் கம்பியைச் சும்மா தட்டினால் வரும் 110க்குக் கிட்டே. பாக்ஸ் சத்தம் அந்தக் காற்றை ஆட்ட, மைக் அதைத் திரும்பப் பிடிக்க, அதுதான் உன் ஊம்.

அதனால் மைக்கை ஓட்டையிலிருந்து நகர்த்து. கழுத்து பெட்டியோடு சேரும் இடத்துக்கு நேராக, ஒரு சாண் தள்ளி வை. மிக்சரில் அடித்தொனியை வெட்டும் லோ கட் பட்டன் இருந்தால் அமுக்கு, லோ திருகையும் குறை. வாசிப்பவர்கள் கேட்க வைக்கும் மானிட்டர் பாக்ஸ் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும், பாடுகிற மைக் அந்தப் பக்கம்தான் குறைவாகக் கேட்கும். கல்யாண மேடையோ கூட்டமோ, நான் முதலில் பார்ப்பது பாக்ஸ் எந்தப் பக்கம் என்பதைத்தான்.

பெரம்பூர் ஆறு கம்பி:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் டிரம்ஸோடு வாசிக்க மைக் போதாது, பிக்கப் வேண்டும். ஓட்டையில் மாட்டும் காந்தப் பிக்கப் வாங்குங்கள். துளை போட வேண்டாம், பெட்டியை விடக் கம்பியைத்தான் அதிகம் பிடிக்கும், அதனால் இரைச்சல் நன்றாகக் குறையும். சத்தம் கொஞ்சம் எலெக்ட்ரிக் சாயலில் இருக்கும், பரவாயில்லை. நைலான் கம்பிக்கு மட்டும் வேலை செய்யாது. பெட்டியில் ஒட்டி அதன் அதிர்வைப் பிடிக்கும் பீசோ பிக்கப் மலிவுதான், ஆனால் கை பெட்டியில் உரசினால் அதுவும் பாக்ஸில் கேட்கும்.

காசிமேடு கிட்டார்:
மைக்கை நகர்த்தியதில் நல்ல வித்தியாசம், நன்றி அண்ணா. பிக்கப் வாங்கினால் நேராக மிக்சரில் குத்தலாமா?

ராயபுரம் மைக்செட்:
பேட்டரி இல்லாத பிக்கப்பை நேராகக் குத்தினால் சத்தம் மங்கும், பீசோ என்றால் தகரம் மாதிரி ஒலிக்கும். மிக்சரில் கிட்டாருக்கென்று ஹை-இசட் பட்டன் இருந்தால் அதை அமுக்கிக் குத்து. இல்லையென்றால் நடுவே, பிக்கப் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ் ஒன்று வேண்டும், நீள ஒயரில் வரும் உர்ர் சத்தமும் அதனால் குறையும். நாலாயிரத்தில் அதற்கும் ஒரு பங்கு ஒதுக்கு.

பெரம்பூர் ஆறு கம்பி:
காசிமேடு என்றால் கடல் காற்று. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடையுங்கள். துருப்பிடித்த கம்பி எந்தப் பிக்கப்பிலும் செத்த சத்தம்தான் தரும். பேட்டரி போட்ட பிக்கப் வாங்கினால் ஒயரைக் கழற்றி வையுங்கள், பெரும்பாலானவற்றில் ஒயர் குத்தியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.