தேரி மணலில் காற்றடைத்த சோபா போட்டு உட்கார்ந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாத்தான்குளத்துக்காரன்

பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி கோயிலுக்குப் போகிற குடும்பங்களிடம் இப்போது ஒரு புதுச் சாமானைப் பார்க்கிறேன். முன்பெல்லாம் வேன் கூரையில் நார்க்கட்டில், பாய்ச்சுருள், ஜமுக்காளம், பொங்கல் பானை இருக்கும். இப்போது சென்னை, பெங்களூரு பிள்ளைகள் தலையணை அளவில் ஒரு பையைக் கொண்டுவருகிறார்கள். பம்பை மாட்டிக் காற்றடித்தால் மூன்று பேர் உட்காரும் சோபா. இன்னொரு பையில் இரட்டை மெத்தை. வேனில் இடம் மிச்சம், தூக்கவும் சுலபம். பெரியவர்களுக்குத் தரையில் குந்தி எழுந்திருக்கிற பாடும் இல்லை. நல்லதுதான்.

ஆனால் எங்கள் சாஸ்தா இருப்பது தேரிக்கு உள்ளே. (தூத்துக்குடி மாவட்டம் 1986-இல் தனியாகப் பிரிந்துவிட்டது. எங்களுக்கு இன்றைக்கும் அது நெல்லைச் சீமைதான்.) தேரி தெரியாதவர்களுக்காக: கடற்கரையை ஒட்டி உள்ளே மேடு மேடாகக் கிடக்கும் செம்மணல். மணல்துகளின் மேல் படிந்த இரும்புதான் அந்தச் சிவப்பு. அங்கே காற்றுதான் ராஜா, மணலைக் கொண்டுவந்து குவித்ததே காற்றுதான். ஒரு காலத்தில் நகர்ந்து நகர்ந்து விளைகளை (தோட்ட நிலங்களை) மூடிய மணல் அது. பனையும் உடைமரமும் கொல்லாவும் (முந்திரி) வளர்த்த இடத்தில்தான் நின்றது. காலையில் இலை அசையாது. வெயில் ஏற ஏறக் கடல்காற்று எழும்பும். மத்தியானம் ஆனால் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

போன உத்திரத்துக்கு மச்சான் ஒரு நீலச் சோபாவை மேட்டு உச்சியில் போட்டார். அங்கிருந்து பார்த்தால் பனங்காடு முழுக்கத் தெரியும், போட்டோவும் நன்றாக வரும். பெரியப்பா உட்கார்ந்திருந்த வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. படைப்புச் சோறு வாங்க அவர் எழுந்தார், அவ்வளவுதான். சோபா முன்பக்கம் லேசாகத் தூக்கியது, ஒரு கணம் நின்றது, அப்புறம் புரண்டு சரிவில் இறங்கிவிட்டது. "ஏலே, புடிங்கடே!" என்று மச்சான் கத்த, பிள்ளைகள் எல்லாம் சிரித்துக்கொண்டே ஓட, அது ஒரு மேட்டை ஏறித் தாண்டி அடுத்த மேட்டிலும் ஏறிவிட்டது. கடைசியில் உடைமரத்தில் போய்ச் செருகியது. நாங்கள் போய்ச் சேரும்போது 'உஸ்' என்று பாதி இளைத்திருந்தது. ஆச்சி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சவத்துக்கு ஒரு காலாவது இருந்தா நின்னுருக்கும்லா."

அதே நாளில் கொட்டகைக்குள் கிடந்த இரட்டை மெத்தை இம்மியும் அசையவில்லை. அதனால் சாமானே உதவாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போட்ட இடம், கட்டிய விதம், ஆள் எழுந்திருக்கிற நேரம், இந்த மூன்றில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்.

காவல்கிணறு காத்தாடி

காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன், காற்றோடுதான் பிழைப்பு. உங்கள் மச்சான் சோபா ஏன் போனது என்பதற்கு எங்களிடம் கணக்கே இருக்கிறது.

காற்று நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால், நேராக மறிக்கிற ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறத்தாழ 6 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்கு, கிட்டத்தட்ட 25 கிலோ. சோபாவின் சாய்மானமும் பக்கமும் சேர்ந்து சுமார் ஒரு சதுர மீட்டர் வந்துவிடும். அதன் எடையோ இரண்டு மூன்று கிலோ. பெரியப்பா உட்கார்ந்திருக்கும்போது அறுபது எழுபது கிலோ பாரம். எழுந்தவுடன் ஒன்றுமில்லை. பிறகு எப்படி நிற்கும்?

எங்கள் பக்கம் வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரைக்கும் தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும். மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் வேகமாக வருகிற காற்று. முப்பந்தலிலும் பணகுடி, இராதாபுரம் வட்டாரத்திலும் இவ்வளவு காத்தாடி நிற்பது அதனால்தான். அந்த மாசங்களில் திறந்த வெளியில் ஊதுகிற சாமான் எதையும் போட வேண்டாம் என்பேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், அம்மிக்கு இருக்கிற கனம் உங்கள் சோபாவுக்கு இருக்கிறதா?

எங்கள் பையன்களிடம் ஒன்று உண்டு, பம்பே வேண்டாத ரகம். நீளமான நைலான் பை, வாயைத் திறந்து காற்றுக்கு நேரே காட்டினால் தானே நிறையும். வாயைச் சுருட்டிக் கொக்கி மாட்டினால் படுக்கை. வயல்காட்டில் நடந்துகொண்டே நிரப்பப் படாத பாடு படுகிற அதே பை, ஆனி மாசத்தில் எங்கள் ஊரில் கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்துவிடும். நிறைந்த பிறகு அது கையை விட்டுப் போகாமல் பிடித்துக்கொள்வதுதான் வேலை. அகலத்தைக் காற்றுக்குக் காட்டாமல், குறுகிய முனை காற்றைப் பார்க்கிற மாதிரிப் போட வேண்டும்.

கட்டுவது பற்றி: கூடாரத்தோடு கொடுக்கிற மெல்லிய கம்பி முளை மண்தரைக்குத்தான் சரி. காய்ந்த மணலில் அடித்தால் இரண்டு விரலால் பிடுங்கலாம். உரச்சாக்கில் பாதிக்கு மணல் அள்ளி, வாயைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதையுங்கள். கயிறு அந்தச் சாக்கிலிருந்து சோபாவின் வளையத்துக்குச் சாய்வாகப் போகட்டும். சாக்கு இல்லையென்றால் கனமான பனைமட்டை போதும். படுக்கைவாக்கில் குழிக்குள் வைத்து, நடுவில் கயிற்றைக் கட்டி, மேலே மணலை மிதித்து மூடுங்கள். இழுக்க இழுக்க மேலே இருக்கிற மணல் பூராவும் பாரமாக நிற்கும்.

திசையன்விளை மைனி

பறப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அது பறக்கவே இல்லை, நான்கு மூலையிலும் கட்டிப்போட்டிருந்தோம். ஆனாலும் யாரும் உட்கார முடியவில்லை, ஏன் தெரியுமா?

தேரியில் காற்று அடிக்கும்போது நின்றுகொண்டு பாருங்கள். மணல் ஓடுவது கரண்டைக்காலில், மிஞ்சிப்போனால் முழங்காலில். முகத்துக்குத் தூசிதான் வரும். மணல்துகளுக்குக் கனம் உண்டு, தத்தித் தத்தித் தரையை ஒட்டித்தான் போகும். சோபாவின் இருக்கை முக்கால் முழ உயரம் கூட இல்லை. அதில் மல்லாந்து சாய்ந்தால் காது, மூக்கு, காபி டம்ளர் எல்லாம் சரியாக மணல் ஓடுகிற மட்டத்துக்கு வந்துவிடுகிறது. என் கொழுந்தன் மகள் சுண்டலைத் தின்றுவிட்டு "என்ன சித்தி, நறநறங்குது" என்கிறாள்.

நார்க்கட்டிலில் அந்தத் தொல்லையே இல்லை. ஆள் மணலுக்கு மேலே இருக்கிறார். கீழேயும் காற்றுப் போகும், நார் இடுக்கிலும் போகும், தள்ளுவதற்கு அதற்கு ஒன்றும் அகப்படாது. பகலில் சூடும் ஏறாது. பிளாஸ்டிக்கில் வெயில் பட்டால் தொடையில் ஒட்டிக்கொண்டு வருகிறது, எழுந்திருக்கும்போது தோல் உரிகிற சத்தம்.

பிள்ளைகள் கேட்கவில்லை, சோபா வேண்டும் என்றார்கள். சரி என்று மாமா காற்று வருகிற பக்கம் காவோலைப் படல் (காய்ந்த பனையோலைத் தடுப்பு) ஒன்று நட்டார். அதற்கு அப்புறம் உட்கார முடிந்தது. ஆனால் படலைச் சுவர் மாதிரி நெருக்கிக் கட்டக் கூடாது. ஓலைக்கு ஓலை சந்து விட்டு, கொஞ்சம் காற்று ஊடே போகிற மாதிரி இருக்க வேண்டும். முழுக்க மறித்தால் காற்று மேலே ஏறித் தாண்டி, பின்னால் சுழன்று விழும், மணலையும் அங்கேயே கொட்டும். எங்கள் பக்கத்து வேனில் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்தவர்கள் தலையெல்லாம் சிவப்பு. படல் ஒரு ஆள் உயரம் இருந்தால், அந்த உயரத்தைப்போல ஐந்து மடங்கு தூரத்துக்குள் சோபாவைப் போடுங்கள்.

மஸ்கட் வண்ணாரப்பேட்டை

பிழைப்புக்கு ஓமனில் இருக்கிறேன், வீடு வண்ணாரப்பேட்டை. குளிர்கால விடுமுறையில் நெல்லை, தென்காசிப் பையன்கள் எல்லாரும் சேர்ந்து வஹீபா மணல்வெளிக்குப் போவோம். நிஜப் பாலைவனம், மேடுகள் நம் தேரியைவிட எவ்வளவோ உயரம்.

அங்கே காற்றை விட வெப்பநிலைதான் வினை. சாயங்காலம் கல் மாதிரி இருந்த மெத்தை நடுராத்திரியில் தொளதொளத்துப் போயிருந்தது. என்னோடு வந்த நண்பர் ஓட்டை என்று முடிவு கட்டி, காரில் மாட்டுகிற பம்பை எடுத்து விம்ம விம்ம அடித்துவிட்டுத் தூங்கினார். மறுநாள் யாரும் அதைத் தொடவில்லை, வெயிலில் கிடந்தது. பதினொன்றரை வாக்கில் ஒரு சத்தம். சமைத்துக்கொண்டிருந்தவர் குக்கர் என்றுதான் நினைத்தார். போய்ப் பார்த்தால் உள்ளே இருக்கிற தடுப்பு ஒட்டு விட்டு, மெத்தையின் நடுவில் பூசணிக்காய் அளவுக்குப் புடைப்பு.

ஓட்டை எதுவுமே இல்லை. குளிர்ந்தால் காற்று சுருங்கும், சூடானால் விரியும். விடியற்காலை 15 டிகிரியில் இருந்த காற்று மத்தியான வெயிலில் 45 டிகிரி ஆனால், இடம் அதேதான் என்கிற போது அழுத்தம் பத்து சதவீதம் கூடுகிறது. பத்து சதவீதம்தானே என்று தோன்றும். இந்த மாதிரி மெத்தைக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றை விடச் சிறிதளவே கூடுதல், அதனால் ஏறுகிற அந்தப் பங்கு முழுக்கவும் ஒட்டின் மேல் விழுகிறது. மெத்தையின் பிவிசி பிளாஸ்டிக் சூட்டில் இளகவும் செய்யும்.

இப்போது ராத்திரி படுக்கும் முன் தேவைக்கு அடிப்போம். விடிந்ததும் வால்வைத் திறந்து, அமுக்கினால் உள்ளங்கை பதிகிற அளவுக்கு இளக்கிவிடுவோம். மெத்தைக்கு மேல் ஒரு துணி விரிப்பும் கட்டாயம், கடல் பக்கத்து மணல்வெளியில் விடியலில் பனி இறங்கி எல்லாம் நனைந்துவிடும், பிளாஸ்டிக் அதைக் குடிக்காது. அந்த ஊர் பதுக்கள் (பாலைவன நாடோடி மக்கள்) இது எதையும் தொடுவதில்லை. கம்பளம், சாய ஒரு திண்டு, நடுவில் காபி. அவர்களைப் பார்த்து நாங்களும் பாதிக்குப் பாதி மாறிவிட்டோம்.

உடன்குடி பஞ்சர்

சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். உத்திரம் முடிந்த மறுநாள் கடைக்கு வருவதில் சைக்கிளை விட மெத்தை அதிகம் என்று ஆகிப்போச்சு. எல்லாம் உடைமுள். வெள்ளையாக, விரல் நீளத்துக்கு இருக்கும், மணலுக்குள் படுத்துக் கிடப்பது கண்ணில் படாது. போடுவதற்கு முன் அந்த இடத்தைக் கையால் தடவாமல் மட்டையால் வழித்துவிடுங்கள், மேலே தார்ப்பாயோ பழைய சாக்கோ விரித்து, அதற்கு மேல் சோபா. விரிப்பு இல்லாமல் போட்டால் முள் குத்தாவிட்டாலும், ஆள் அசைய அசைய மணல் அடிப்பக்கத்தை அரைத்துத் தேய்த்துவிடும்.

எல்லாரும் டியூப் சொல்யூஷன் போட்டுத் தரச் சொல்கிறார்கள். அது ரப்பருக்கு உள்ளது, பிவிசியில் பிடிக்காது, அடுத்த வாரம் உரிந்து வரும். சோபாவோடு கொடுக்கிற ஒட்டையும் பிவிசிப் பசையையும் பத்திரமாக வையுங்கள். நைலான் ரகத்துக்கு அதுவும் ஆகாது, அதற்கென்று இருக்கிற ஒட்டுதான். சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை நுரை கக்கும், பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு, காற்றை முழுக்க இறக்கி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். தேரித் தூசி மாவு போலப் படியும், அது இருக்கிற வரை எந்தப் பசையும் நிற்காது.

பாதி பேருக்கு ஓட்டையே இருப்பதில்லை, வால்வின் நாக்கில் மணல் மாட்டியிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிட்டால் சரியாகிவிடும். அதற்குக் காசு வாங்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சாத்தான்குளத்துக்காரன்

எல்லாருக்கும் நன்றி. மைனி சொன்ன படலும் காத்தாடி சொன்ன சாக்கும் இந்தத் தடவை உண்டு. இடமும் மேட்டு உச்சி இல்லை, சித்தப்பா விளையில் கொல்லாமரத்து ஓரம். காப்புக்காட்டுக்குள் வனத்துறையைக் கேட்காமல் ராத்தங்க முடியாது, அதனால் அந்தப் பேச்சே வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

மாமாவிடம் ஒரு கேள்வி, மைனி: படலுக்குக் காவோலை எத்தனை வேண்டும்? பொங்கல் அடுப்பை எங்களுக்கு அப்பால், காற்று போகிற பக்கம் வைக்கப் போகிறோம், ஆனாலும் காற்று திரும்பிப் பொறி படலில் விழுந்தால் சோபா மட்டும் போகாது. பச்சை ஓலை கட்டலாமா?

திசையன்விளை மைனி

பச்சையே கட்டுங்கள் தம்பி, மாமாவும் அதைத்தான் சொல்கிறார். ஆறடிக்கு ஆறடி படலுக்குப் பத்து ஓலை போதும். பனையேறுகிறவரிடம் முந்தின நாளே சொல்லி வைத்துவிடுங்கள், உத்திரத்தன்று ஆள் கிடைக்காது.