"ஒரே வீடு" என்றால் எந்த வீடு?

கொட்டகலைத் தாய்:
"வலிப்பு நோயால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நட்டம் என்று அறிய, கூடப் பிறந்த பிள்ளையோடு ஒப்பிட்டால் போதும், ஒரே வீடு, ஒரே பெற்றோர்" என்று பழைய வாத்தியார் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வலிப்பு உள்ள என் மகனுக்கு 11 வயது, மகளுக்கு 9. எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தானே செய்கிறார்கள்? "தங்கச்சியைப் பார், நீ ஏன் இப்படி?" வாத்தியார் அதற்கு விஞ்ஞானப் பொட்டு வைத்துவிட்டார்.

பழைய வாத்தியார்:
அம்மா, ஆய்வாளர்களும் உடன்பிறந்தவர்களைத்தான் ஒப்பீட்டுக்கு எடுக்கிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால் வருமானம் வேறு, சாப்பாடு வேறு. இங்கே வீடு ஒன்று. இதில் என்ன குற்றம்?

கொட்டகலைத் தாய்:
ஒரே வீடா? மாதம் ஒரு நாள் அவனைக் கண்டிக்குக் கிளினிக்குக் கொண்டுபோகிறேன். விடியற்காலை பஸ். அன்றைக்குத் தோட்டத்தில் எனக்குப் பேர் போட மாட்டார்கள், நாள் சம்பளம் போய்விடும். அவனுக்குப் பாடம் போய்விடும். மற்ற நாட்களிலும் மருந்தின் மயக்கத்தில் தூங்கி வழிகிறான். அந்த நேரமெல்லாம் தங்கை வகுப்பில் முன்வரிசையில் இருக்கிறாள்.

பழைய வாத்தியார்:
மாதம் ஒரு நாள்தானே! 31 வருடம் கற்பித்தவன் நான். மழை பெய்தால் பாதி வகுப்பு வராது. வீடு ஒன்று என்பதை நீங்கள் இன்னும் மறுக்கவில்லை.

பதுளைத் தாதி:
ஐயா, ஆய்வில் பல குடும்பங்களைச் சேர்த்துச் சராசரி பார்ப்பார்கள். ஒரு அண்ணனையும் ஒரு தங்கையையும் வாசலில் நிறுத்திப் புள்ளி பார்ப்பது ஆய்வல்ல. வலிப்பும் ஒரே வகையல்ல. சில பிள்ளைகள் விழுவதே இல்லை. சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு மீள்வார்கள், ஒரே நாளில் பல தடவை. ஆசிரியர் அதைக் கவனக்குறைவு என்பார். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து பார்த்தால் தெரியும்.

பழைய வாத்தியார்:
கனவு காண்கிற பிள்ளை எது, நோயுள்ள பிள்ளை எது என்று எனக்குத் தெரியாதா? சுண்ணக்கட்டித் துண்டை எறிந்தால் கனவு கலைந்துவிடும்.

ஹட்டன் மாணவன்:
எறிந்தீர்களா! என் பிடரிக்கு இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு நோய்கூட இல்லை.

பழைய வாத்தியார்:
யார் நீ? பெயரைப் போட்டு எழுது. சுண்ணக்கட்டி அடியாகுமா?

நோர்வூட் மாமா:
சண்டையை விடுங்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுத்தால் நின்றுவிடும். எங்கள் அப்பாயி எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறார்!

பதுளைத் தாதி:
பெரும்பாலும் அது தானாகவே நின்றுவிடும். பெயரைச் சாவி எடுத்துக்கொள்கிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

நோர்வூட் மாமா:
நான்கு எழுத்துப் படித்துவிட்டால் அப்பாயி முட்டாளாகிவிடுவார்.

பழைய வாத்தியார்:
சாவியும் வேண்டாம், அப்பாயியும் வேண்டாம். நான் கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை. வீடு ஒன்றா, இரண்டா?

கொட்டகலைத் தாய்:
ஒன்றுதான் ஐயா. காம்பராவும், அந்த ஒரு அறையும், ஒன்றுதான். மகள் சுவரோரம் நிம்மதியாகத் தூங்குகிறாள். மகனின் பாய் என் பாயோடு ஒட்டிக் கிடக்கிறது. அவனுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு நான் விழித்திருக்கிறேன்.

பழைய வாத்தியார்:
ஆக, வீடு ஒன்று என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நன்றி.