மண்டபம் கடற்கரையில் இந்திய-வங்கதேச நட்புத் தூண்: கம்பி, கல், கொடி பற்றி ஆலோசனை தேவை

கேள்வி: உச்சிப்புளியான்
1971 போரில் நம் ராணுவமும் வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினியும் ஒன்றாகப் போரிட்டதை நினைத்து, முன்னாள் படைவீரர்கள் மண்டபம் பக்கம் தூண் எழுப்புகிறார்கள். 10 அடி உயரம், கான்கிரீட். முகப்பில் கருங்கல் பலகை, அதில் இரு நாட்டுக் கொடிகள். கடல் சாரல் அடிக்கிற இடம். எதில் கவனம் வேண்டும்?

பதில்: ராம்நாடு கட்டடம்
அண்ணே, கம்பியைக் காப்பாற்றினால் தூண் நிற்கும். எம்35 தரக் கான்கிரீட் கலவை, கம்பிக்கு வெளியே 50 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்). அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியை முட்டுக் கொடுத்தால் கம்பி ஒருபக்கம் ஒதுங்கிவிடும். உப்பு அந்தப் பக்கம்தான் முதலில் எட்டும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கம்பி போகிற கோட்டிலேயே மயிரிழை வெடிப்பு, அதில் பழுப்புக் கறை: அதுதான் அடையாளம். சிமென்ட் மூட்டைக்கு 22 லிட்டர் தண்ணீர் போதும், மணலில் உள்ள ஈரமும் சேர்த்து. கடற்கரை மணல், உவர்த்தண்ணீர் இரண்டும் கூடவே கூடாது. நனைப்பதற்கும் நல்ல தண்ணீர்தான், குறைந்தது 10 நாள். வானம் தோண்டுமுன் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதியைக் கேட்டுவிடுங்கள்.

பதில்: கல்லெழுத்து
பலகையைச் சிமென்ட் வைத்து மட்டும் ஒட்டாதீர்கள். பின்னால் ஈரம் தங்கி ஓரங்களில் உப்புப் பூக்கும். 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் பின் போடுங்கள். 304 கடல் காற்றில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். பாலிஷ் போட்ட கருங்கல்லில் வெட்டிய எழுத்து தானே வெளுப்பாகத் தெரியும், தங்கப் பெயின்ட் வேண்டாம், உரிந்துவிடும்.

வங்கதேசக் கொடியில் பலர் தவறுகிறார்கள். சிவப்பு வட்டம் நடுவில் இல்லை, கம்பப் பக்கம் தள்ளியிருக்கும். 60 செ.மீ. நீளம் என்றால் உயரம் 36, வட்டத்தின் ஆரம் 12, மையம் கம்பப் பக்க ஓரத்திலிருந்து 27 செ.மீ. அதே உயரத்துக்கு நம் கொடி 54 செ.மீ. பார்ப்பவருக்கு இடப்பக்கம் நம் கொடி வரட்டும். சிங்க முத்திரையை அனுமதியில்லாமல் செதுக்காதீர்கள், 2005 சட்டம் தடுக்கிறது.

பதில்: பழைய பட்டாளம்
தேதியைக் கவனியுங்கள் தம்பி. "டிசம்பர் 3 முதல் 16 வரை" என்று மட்டும் வெட்டினால், அதற்கு முன்பே நம் ராணுவமும் முக்தி வாகினியும் சேர்ந்து போரிட்ட கரீப்பூரில் நவம்பர் 20, 21-இல் விழுந்தவர்கள் விடுபட்டுப் போவார்கள். நட்புக்கான தூணில் அது பெரிய குறை. நவம்பர் 21-ஐத்தான் வங்கதேசம் தன் ஆயுதப் படைகள் நாளாகக் கொண்டாடுகிறது. டிசம்பர் 6, இந்தியா அந்த நாட்டை அங்கீகரித்த நாள், அதுவும் இருக்கட்டும். வங்காள வரிகள் கணினியில் கூட்டெழுத்து உடைந்து வரும். முழு அளவில் தாளில் அச்சடித்து, வங்காளம் வாசிக்கத் தெரிந்தவர் பார்த்த பிறகே உளி வைக்கச் சொல்லுங்கள்.